பொன்னி எப்போது செத்தாள்?

லிந்துலை
11.03.2001

மதிப்புக்குரிய குணபூசணி டீச்சருக்கு,

வீரம்மா எழுதுகிறேன். எந்த வீரம்மா என்று யோசித்துக் கஷ்டப்பட வேண்டாம். மேற்பிரிவு லயத்து வரிசை வீட்டு அழகுமுத்துவின் மூத்த மகள். "பேரில மட்டும்தான் வீரம்" என்று வகுப்பில் எழுப்பி நிறுத்திச் சொல்லிச் சிரிப்பீர்களே, அவள்தான். நீங்கள் படிப்பித்த அதே தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இப்போது நானும் படிப்பிக்கிறேன். உங்கள் நாற்காலியைத்தான் எனக்கும் தந்திருக்கிறார்கள். அதன் பின்னங்கால் இன்னும் ஆடுகிறது.

தங்கச்சி பிரியந்தினியைப் பற்றி உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அம்மா செத்த மறுவருடம், எட்டு வயதில், அவளைக் கொழும்பில் உங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனீர்கள். வீட்டு வேலையும் பழகுவாள், படிப்பும் வரும் என்று அப்பாவிடம் சொன்னீர்கள். அவளுக்குப் பதின்மூன்று ஆனதும் உங்கள் கணவர் தம்பிராசா ஐயா நானுஓயாவில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, அடுத்த ரயிலிலேயே திரும்பிப் போனார். ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. இப்போது அவளுக்குப் பதினாறு நடக்கிறது.

வந்த நாளிலிருந்தே அவள் அதிகம் பேசமாட்டாள். அதை அடக்கம் என்று லயமே மெச்சியது. போன வருடத்திலிருந்து வேறு மாதிரி. பேசிக்கொண்டே இருப்பாள், கண் அப்படியே நின்றுவிடும். கூப்பிட்டால் கேட்காது, கிள்ளினால் உறைக்காது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவாள். நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. தைப்பொங்கலன்று கொதித்த கேத்தலை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு நின்றாள். தோல் வெந்த வாசம் எங்களுக்கு வந்தது, அவளுக்கு வரவில்லை.

மாசித் திருவிழாவில் மாரியம்மன் கோவில் மணியை அடித்தார்கள். கூட்டத்துக்குள் உட்கார்ந்திருந்தவள் எழுந்து, கையைக் கட்டி, தலையைக் குனிந்து, "இந்தா வாறன் அம்மா, கழுவிப்போட்டு வாறன் அம்மா" என்றாள். உங்கள் ஊர்த் தமிழ், டீச்சர். உங்கள் குரல் மாதிரியேகூட இருந்தது. "ஐயோ சாமி, யாழ்ப்பாணத்துப் பேயிடி இது! இம்புட்டுத் தூரம் எப்படிடி வந்துச்சு?" என்று பெண்கள் அலறினார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு பேய் கிடைத்துவிட்டால் போதும், கொழுந்து பறிக்கிற களைப்பெல்லாம் பறந்துவிடும்.

உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி வீரய்யாவை அப்பா கூட்டி வந்தார். அவர் பெயர் கேட்டார். "பொன்னி" என்றாள். எங்கே இருக்கிறாய் என்றார். "கொழும்பில, அம்மா வீட்டில" என்றாள். எப்படிச் செத்தாய் என்று கேட்டதற்கு மட்டும் வாய் திறக்கவில்லை. உங்கள் வீட்டில் வாழ வேண்டிய வயதில் செத்துப்போன ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை இவளைப் பிடித்திருக்கிறது என்று கோடாங்கி தீர்ப்புச் சொல்லிவிட்டார். சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை சாட்டையால் அடித்து விரட்டப் போகிறார். அடி பிள்ளைக்குப் படாதாம், பேய்க்குத்தான் படுமாம். அது அவருடைய விஞ்ஞானம்.

எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உங்கள் வீட்டில் பொன்னி என்று யாராவது செத்தார்களா? அப்பா உங்கள் சொல்லுக்கு மறுசொல் சொல்லமாட்டார். நீங்கள் இல்லை என்று எழுதினால் சாட்டை நிற்கும். தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
வீரம்மா


வெள்ளவத்தை
24.03.2001

வீரம்மா,

கடிதம் கிடைத்தது. கையெழுத்துத் திருந்தியிருக்கிறது, புத்தி திருந்தவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், கோடாங்கி சொன்னான் என்று கடிதம் எழுதி, எங்கள் வீட்டில் செத்தவர்களைக் கணக்கெடுக்கிறாய். உன்னைப் போன்றவர்களை ஆசிரியராக எடுக்கத் தொடங்கிய அன்றே அந்தப் பள்ளிக்கூடம் முடிந்தது.

எங்கள் வீட்டில் ஒருவரும் சாகவில்லை. பொன்னி உன் தங்கைதான்.

என்ன முழிக்கிறாய்? எங்கள் வீட்டில் வேலைக்கு நிற்கிற பிள்ளைக்குப் பொன்னி என்றுதான் பெயர். என் மாமியார் காலத்திலிருந்து அப்படி. இவளுக்கு முன்னும் பொன்னிதான், இவளுக்குப் பின் வந்தவளும் பொன்னிதான். வருகிறவர்கள் போகிறவர்கள் பெயரையெல்லாம் பாடமாக்கிக்கொண்டிருக்க எனக்கு ஏலாது. அதிலும் பிரியந்தினி! அந்தப் பெயரை வைத்தவளே நான்தான். "டீச்சரம்மா, நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்க" என்று உன் அம்மா வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். இரக்கத்தில் சொன்னேன். அதற்காக, முற்றம் கூட்டுகிறவளை அடுத்த வீட்டுக்காரர் கேட்கப் "பிரியந்தினி, பிரியந்தினி" என்று கூப்பிட முடியுமா?

மணி அடித்தால் எழும்பி வரப் பழக்கியதும் நான்தான். தொண்டை கிழியக் கூப்பிட்டும் கேளாத மாதிரி மரமாக நிற்பாள். இதே நடிப்பை எங்களிடமும் நடித்தவள்தான். முதுகில் இரண்டு போட்டால் சரியாகிவிடும். கோடாங்கியும் அதைத்தான் செய்யப் போகிறான், அவனுக்கு வேறு தட்சணை.

பிள்ளையைச் சும்மா இருத்தி வைக்காமல் வேலைக்கு அனுப்பு. வீட்டில் அவரும் சுகமாக இருக்கிறார்.

குணபூசணி ரீச்சர்


லிந்துலை
06.04.2001

டீச்சருக்கு,

செத்தவள் யார் என்று கேட்டேன். செத்தவள் என் பக்கத்தில்தான் பாய் விரித்துப் படுத்திருக்கிறாள் என்று எழுதிவிட்டீர்கள். மிக்க நன்றி. வைத்த பெயரை நீங்களே பிடுங்கிக்கொண்டது எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அம்மா உங்கள் வாசலுக்கு வந்திருக்கவே மாட்டாள்.

கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, "டீச்சரு பொய் சொல்ல மாட்டாங்க. ஆனா பேயி டீச்சரையும் ஏமாத்தியிருக்கும்ல?" என்றார். என்ன செய்ய? உங்கள் மேல் வைத்த மரியாதை அவருக்கு அறிவு வேலை செய்கிற இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. கோடாங்கியோ உங்கள் கடிதத்தையே தூக்கிப் பிடித்துக்கொண்டார். "இவளுக்கு முன்னயும் பொன்னின்னு எழுதியிருக்காங்கல்ல? அந்தப் பொன்னிதான் செத்துருக்கா!" என்கிறார். சித்திரை பதினான்கு, ஏப்ரல் இருபத்தேழு, வெள்ளிக்கிழமை என்று நாளும் குறித்தாகிவிட்டது. மூன்று லயத்து ஆட்களும் திருவிழாவுக்குக் காத்திருப்பது போலக் காத்திருக்கிறார்கள்.

நான் தங்கச்சியிடமே கேட்டேன். உடுக்கை அடித்துக் கேட்கவில்லை, வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது சும்மா கேட்டேன். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"சமைக்கிற குசினிக்குப் பின்னால சாமான் ரூம் இருக்குக்கா. அதுல போட்டுப் பூட்டிருவாங்க. ஒரே இருட்டு. மொதல்ல அழுவேன். அப்புறம் செவுத்துக்கு மேல ஏறிருவேன். மேலருந்து பாத்தா கீழ பொன்னி உக்காந்திருப்பா. அடி வாங்குறது அவதான். அகப்பையக் காய்ச்சிச் சூடு வச்சதும் அவளுக்குத்தான். எனக்கு வலிக்காது. பாவம்க்கா அவ."

"இப்பதான் யாரும் பூட்டலையேடி" என்றேன்.

"நான் ஏறணும்னு நெனக்கிறதே இல்லக்கா. மணிச் சத்தம் கேட்டா, யாராச்சும் சத்தம் போட்டா, தானா ஏறிப் போயிருது. எறங்குறதுக்குத்தான் வழி தெரியல."

வெங்காயத்தால் எனக்குக் கண் எரிந்தது என்று நீங்கள் நினைத்துக்கொள்ளலாம், உங்களுக்கு அது வசதி.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். மன்னிப்பு வேண்டாம், அதெல்லாம் உங்களிடம் இருக்காது. "நான் பூட்டினேன், சூடு வைத்தேன், மணி அடித்துப் பழக்கினேன், அந்தப் பயம்தான் இது, பேய் இல்லை" என்று அப்பாவின் பெயருக்கு உங்கள் கையால் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். நீங்கள் வாயால் ஒப்புக்கொண்டால்தான் அவர் நம்புவார். என் வாய் அவருக்கு வெறும் வாய். வெள்ளிக்கிழமைக்கு முன் அது வந்தால் என் தங்கச்சி முதுகு தப்பும்.

வீரம்மா


வெள்ளவத்தை
17.04.2001

வீரம்மா,

யாரோடு கதைக்கிறாய் என்று தெரிந்துதான் எழுதுகிறாயா? உனக்கு அ எழுதப் பழக்கிய கை இது.

பூட்டினேன்தான். இல்லை என்று சொல்ல எனக்கென்ன பயம்? பால் மாவைக் கள்ளமாக எடுத்து வாயில் போடுகிறவளைக் கொஞ்சுவார்களா? எங்களையும் எங்கள் அம்மா பூட்டியிருக்கிறா. நாங்கள் ஒருவரும் சுவரில் ஏறவில்லை. பட்டம் பெற்று வேலைக்குப் போனோம். சூட்டு விஷயம் அவளுடைய கவனக்குறைவு. அடுப்படியில் நிற்கிறவளுக்குச் சூடு படாமல் பன்னீரா படும்?

எங்கள் வீட்டுக்கு வரும்போது அவள் தலையில் பேன், காலில் செருப்பு இல்லை. சாப்பிடக் கொடுத்தேன், உடுக்கக் கொடுத்தேன், பல் தீட்டப் பழக்கினேன். அதையெல்லாம் அவளுடைய பொன்னி சொல்லவில்லையோ? சுவருக்கு மேல் ஏறி இருந்தவளுக்குச் சோறு மட்டும் கண்ணில் படவில்லையோ? நன்றிகெட்ட கூட்டம்.

நீ கேட்கிற கடிதத்தை எழுத எனக்கு விசரில்லை. இன்றைக்கு அப்பனுக்கு என்பாய், நாளைக்கு அதைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்காரரிடமும் பேப்பர்காரரிடமும் ஓடுவாய். கோடாங்கியைக் கூப்பிட்டது உங்கள் ஆட்கள். சாட்டையைத் தூக்கப் போவதும் உங்கள் ஆட்கள். அதை நிறுத்துகிற துணிவு உனக்கு இல்லையென்றால் அதற்கு நான் என்ன செய்ய? பேரில மட்டும்தான் வீரம் என்று அன்றைக்குச் சொன்னது சரியாகத்தான் போயிற்று.

இனி எழுதாதே.

கு. தம்பிராசா


லிந்துலை
20.05.2001

டீச்சருக்கு,

எழுதாதே என்றீர்கள். உங்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிகிற வயது தாண்டிவிட்டது. நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள், இதற்கு மேல் உங்களிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

பூட்டினேன்தான் என்று நீங்கள் எழுதிய கடிதம் அந்த வெள்ளிக்கிழமை கழிந்த பிறகுதான் தபாலில் வந்து சேர்ந்தது. அந்த வெள்ளிக்கிழமை நான் கதவடியில் குறுக்கே நின்றேன். என் சித்தப்பன்மார் இரண்டு பேர் என்னைத் தூக்கி வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் போட்டார்கள். துணிவுக்கு நீங்கள் போட்ட புள்ளியைத் திருத்திக்கொள்ள வேண்டாம், நிறுத்த என்னால் முடியவில்லைதான். கோடாங்கி வந்தார். வேப்பங்குழை, எலுமிச்சம்பழம், சாட்டை, வாயில் சாராய வாடை, எல்லாம் இருந்தது. பார்க்க வந்தவர்கள் குழந்தைக்குட்டிகளையும் கூட்டி வந்திருந்தார்கள். கடலை விற்கிறவன் மட்டும்தான் வரவில்லை.

முதல் அடிக்கே அவள் ஏறிப் போய்விட்டாள். எனக்குத் தெரிந்தது, கண் நின்றுவிட்டது. அழவில்லை, நெளியவில்லை. "அடி ஒறைக்கலயே, பெரிய பேயால்ல இருக்கு!" என்று கோடாங்கி இன்னும் ஓங்கினார். அவருக்கும் உங்களுக்கும் வித்தியாசம் தேடித் தேடிப் பார்க்கிறேன், உங்களுக்கு உடுக்கை இல்லை என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

"சொல்லு, எப்படிச் செத்த? சொல்லிட்டு வெளிய போ!" என்று கேட்டார். அப்போதுதான் பொன்னி வாய் திறந்தாள்.

"நான் குடிக்கேல்லை அம்மா. பால்மாப் பேணியைத் தொடேல்லை அம்மா. இனித் தொடமாட்டன். கதவைப் பூட்டாதேங்கோ அம்மா, எலி வருது."

செத்த கதையைக் கேட்க வந்த கூட்டம் ஏமாந்துபோய் ஒருத்தரையொருத்தர் பார்த்தது. அப்பா மட்டும் முன்னால் வந்தார். அவள் கட்டிய கையைப் பிரித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். முழங்கைக்கு மேலே அகப்பைக் காம்பு அளவுக்கு வரிவரியாக இருக்கும் தழும்புகளையும் பார்த்தார். மூன்று வருடம் ஒரே காம்பரா அறைக்குள் படுத்த பிள்ளை, டீச்சர். அன்றைக்குத்தான் பார்த்தார். "பேயிக்கு எதுக்குய்யா பால் மாவு? இது எம்புள்ளய்யா" என்று கோடாங்கியின் கையிலிருந்து சாட்டையைப் பிடுங்கினார். கோடாங்கி விடவில்லை. அப்பா அவர் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார். அதோடு திருவிழா முடிந்தது. அப்பா மூலையில் உட்கார்ந்து அழுதார். எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. இப்போது கொஞ்சம் வருகிறது.

அடுத்த வாரம் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே மனசுக்குப் பார்க்கிற ஒரு சிங்கள டாக்டர் அம்மா வருகிறார். அவர் முதலில் இவளிடம் பெயர்தான் கேட்டார். கோடாங்கியும் அதைத்தான் கேட்டார், ஆனால் இந்த அம்மா பதிலுக்குக் காத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு "பிஸ்சு நெவெய்" என்றார். பைத்தியம் இல்லையாம். சின்ன வயதில் ஓடித் தப்ப முடியாத இடத்தில் அடைத்து அடித்தால் மனசு மட்டும் கழன்று ஓடப் பழகிக்கொள்ளுமாம். அன்றைக்கு அவளைக் காப்பாற்றிய பழக்கம்தான் இன்றைக்கு அவளை விடமாட்டேன் என்கிறதாம். பயமில்லாத இடமும், அவள் பேச்சைக் கேட்கிற ஆளும் இருந்தால் மெல்ல மெல்ல இறங்கி வருவாளாம்.

அதனால் பள்ளிக்கூடத்தில் இப்போது மணி அடிப்பதில்லை. நான் வெளியே போய்க் கையைத் தட்டுகிறேன். "ஒரு வேலக்காரப் புள்ளைக்காக மணிய நிப்பாட்டணுமா?" என்று பெரிய வாத்தியார் முகத்தைச் சுளித்தார். உங்களோடு வேலை செய்தவர்தான், பழக்கம் போகுமா?

அவள் மறுபடி படிக்கத் தொடங்கியிருக்கிறாள். கண் இன்னும் நின்றுவிடுகிறது. முன்னைவிடக் குறைவு.

வீரம்மா


வெள்ளவத்தை
09.09.2001

அன்புள்ள வீரம்மாவுக்கு,

சுகம். பழையதை மனதில் வைத்துக்கொள்ளாமல் இதை வாசி. நீ கொதித்தாலும் நான் படிப்பித்த பிள்ளை, அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இப்போது நிற்கிற பொன்னி டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. சின்னராசா என்ற ஒருவனின் மகள், பத்து வயது. வந்தபோது நன்றாகத்தான் இருந்தாள். இப்போது கொஞ்ச நாட்களாக உன் தங்கை செய்த அதே கூத்து. மணி அடித்தால் கேட்பதில்லை. அல்லது கேட்டவுடன் வந்து, ஆளைப் பாராமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். போன கிழமை கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியைக் காலில் ஊற்றிக்கொண்டு பேசாமல் நின்றாள். அவர் பயந்துவிட்டார். இங்கே டாக்டரிடம் கொண்டுபோனால் யார், எவர், எத்தனை வயது என்று ஆயிரம் விசாரணை வரும். அதை உன்னிடம் விளக்க வேண்டியதில்லை.

தகப்பனுக்கு இரண்டு தரம் எழுதினேன். வாசிக்கத் தெரியாதவன், பதிலே இல்லை. அந்தச் சிங்கள டாக்டர் உன் தங்கைக்கு என்ன குளிசை கொடுத்தா என்று எழுது. இங்கே பாமசியில் வாங்கிக் கொடுத்துப் பார்க்கிறேன். குளிசை சரிவராவிட்டால் அந்தக் கோடாங்கியிடம் ஒரு நூலாவது மந்திரித்து அனுப்பு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, அவர்தான் கேட்கிறார்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்குகிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நோய், ஒரே வருத்தம் வருகிறதென்றால், இது உங்கள் மலைநாட்டு ஆட்களின் இரத்தத்தில் இருக்கிற ஏதோ ஒன்றுதான். இனிமேல் வேறு பக்கத்துப் பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும்.

கெதியாகப் பதில் போடு.

குணபூசணி ரீச்சர்


லிந்துலை
17.09.2001

குணபூசணி டீச்சருக்கு,

நான் கெஞ்சிக் கேட்டபோது எழுதமாட்டேன் என்ற கடிதத்தை, கேட்காமலேயே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தாடையைச் சொறியவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு டிக்கோயாவுக்குப் புறப்பட்டார்.

சின்னராசாவைக் கண்டுபிடித்தோம். உங்கள் இரண்டு கடிதங்களையும் பிரிக்காமல் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார், டீச்சரம்மா எழுதினால் நல்ல சேதியாகத்தான் இருக்கும் என்று. நான்தான் பிரித்து வாசித்தேன். "எம்புள்ள பேரு பொன்னி இல்லீங்களே, வேற யாருக்கோ எழுதினத எனக்குப் போட்டுட்டாங்களோ" என்று கேட்டார். மனுசனுக்கு விளங்க வைப்பதற்குள் எனக்கு வாய் உலர்ந்துவிட்டது.

குளிசை ஒன்றும் இல்லை, டீச்சர். உங்கள் வீட்டிலிருந்து வெளியே வருவதுதான் மருந்து. இரத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் குளிக்கிற, சாப்பிடுகிற, மணி அடிக்கிற ஆட்களில் ஒருவருக்கும் இந்த வருத்தம் வரவில்லை. மணிக்கு ஓடி வந்த இரண்டு பேருக்கும் வந்திருக்கிறது. பட்டம் பெற்றவருக்கு இதற்கு மேல் படிப்பிக்க எனக்குத் தெரியாது.

இந்தச் சனிக்கிழமை சின்னராசாவும் அப்பாவும் நானும் வருகிறோம். டாக்டர் அம்மா ஒரு கடிதம் தந்திருக்கிறார். பிள்ளைகளின் விஷயம் பார்க்கிற அதிகாரி ஒருவரும் கொழும்பில் எங்களோடு சேர்ந்துகொள்வார். கதவைத் திறக்காமல் இருந்தால் அந்த அடுத்த வீட்டுக்காரர் கேட்க நான் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அந்தப் பிள்ளையின் பெயர் கோகிலவாணி. நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

பிரியந்தினி வரவில்லை. உங்கள் கடிதத்தை நான் வாசித்தபோது அவள் பக்கத்தில்தான் இருந்தாள். அவள் கண் நின்றுவிடுமோ என்று பயந்து பாதியில் நிறுத்தினேன். நிற்கவில்லை. "வாசிக்கா" என்றாள். முடிந்ததும் கேத்தலை இறக்கி வைத்தாள், துணி பிடித்துத்தான் இறக்கினாள். பிறகு சொன்னாள்:

"அக்கா, நீங்க போறப்ப அந்தப் புள்ள சாமான் ரூம்ல இருந்தாலும் இருக்கும். யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காத. குசினிக் கதவுக்குப் பின்னால மேல ஒரு ஆணி இருக்கு, சாவி அதுலதான் தொங்கும். நான் எத்தனையோ நாள் எம்பி எம்பிப் பாத்தேன், எனக்கு எட்டல. நீ எட்டி எடுத்துரு."

வீரம்மா